தமிழ் பேசும் வீட்டுக்கு எந்த ஃபோனிக்ஸ் ஆப்?

யு.கே.ஜி. முடிக்கும் பிள்ளை ஏ முதல் இசட் வரை ஒரே மூச்சில் ஒப்பிக்கும். பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லைக் காட்டினால் அம்மா முகத்தைப் பார்க்கும். பெரும்பாலான பெற்றோர் ஃபோனிக்ஸ் ஆப், அதாவது எழுத்தின் ஒலி வழியாக ஆங்கிலம் படிக்கக் கற்றுத்தரும் ஆப், தேட ஆரம்பிப்பது இந்தக் கட்டத்தில்தான். தேடினால் கணக்கில்லாமல் வருகிறது. எதைத் திறந்தாலும் ஒரு கார்ட்டூன் விலங்கு, கைதட்டல், தங்க நட்சத்திரம். சில முழுக்க இலவசம், சில ஆண்டுக்குச் சில ஆயிரம் கேட்கின்றன. இதற்கிடையில் தெருமுனையில் ஒரு ஃபோனிக்ஸ் வகுப்பு, ஜூமில் இன்னொன்று.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் தமிழ் பேசும் நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைக்கு, ஃபோனிக்ஸுக்கென்று ஆண்டுச் சந்தா கட்டும் அவசியம் பெரும்பாலும் இல்லை. இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டை, ஒன்று முடிந்தபின் மற்றொன்றாகப் பயன்படுத்தினால் போதும். பணம் கட்டியே ஆக வேண்டிய வீடுகளும் உண்டு. அவற்றையும் பார்ப்போம்.

முதலில் ஆப் செய்ய வேண்டிய வேலை என்ன என்பது தெளிவாக வேண்டும். நம் பள்ளிகள் பலவற்றில் இன்றும் 'சி, ஏ, டி, கேட்' என்றுதான் பாடம். எழுத்தின் பெயர்களைச் சேர்த்தால் 'சியேட்டி' என்றுதான் வரும், 'கேட்' வராது. அந்தச் சொல்லைப் பிள்ளை மனப்பாடம் செய்துகொள்கிறது, அடுத்த சொல்லுக்கு அந்த மனப்பாடம் உதவாது. ஃபோனிக்ஸ் எழுத்தின் பெயரை ஒதுக்கிவைத்து ஒலியில் தொடங்குகிறது. எழுத்து 26 என்றாலும் ஒலி ஏறத்தாழ 44. அவற்றை ஒழுங்கான வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக, உடனுக்குடன் எழுத்துக் கூட்டிப் படிக்கும்படி சொல்லித்தர வேண்டும். பிரிட்டிஷ் திட்டங்கள் ஏ, பி, சி என்று போகாமல் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) போன்ற எழுத்துகளில் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். அந்த ஆறை வைத்தே டின், பின், நிப், டிப் என்று பிள்ளை முதல் வாரத்திலேயே படிக்க ஆரம்பித்துவிடலாம். இங்கிலாந்தில் தொடக்க வாசிப்பைக் கற்பிப்பது பற்றி 2006-ல் வந்த ரோஸ் அறிக்கைக்குப் பின் பள்ளிகளில் இதுவே வழிமுறையானது.

இந்த விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு அனுகூலமும் ஒரு சிக்கலும் இருக்கின்றன. ஆப்களைத் தயாரிப்பவர்கள் இரண்டையுமே யோசித்திருக்க மாட்டார்கள்.

அனுகூலம் நம் புள்ளி. எழுத்துக் கூட்டும்போது மெய்யொலி வால் இல்லாமல் வர வேண்டும். 'ம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மஅ' என்றும், 'ட்' வர வேண்டிய இடத்தில் 'டஅ' என்றும் சொன்னால் 'மட்' என்ற சொல் 'மஅ-அ-டஅ' என்று இழுபடும், எதுவும் ஒட்டாது. ஆங்கில வீடுகளில் பெற்றோரைத் திருத்தவே தனி வீடியோக்கள் உண்டு. நமக்கோ ம வேறு, ம் வேறு என்பது முதல் வகுப்புப் பாடம். 'இக், இங், இச்' என்று முன்னால் இகரம் சேர்த்து ஒப்பிக்கும் பழக்கத்தை மட்டும் இங்கே விட்டுவிடச் சொல்ல வேண்டும். ஆகவே எந்த ஆப்பை இறக்கினாலும் முதல் வேலையாக எம், எஸ், டி ஆகியவற்றின் ஒலியைப் போட்டுக் கேளுங்கள். வால் தெளிவாகக் கேட்டால் அப்போதே நீக்கிவிடலாம். யூடியூபில் கோடிக்கணக்கில் பார்வை வாங்கிய குழந்தைப் பாட்டுகள் பல இந்த ஒரு சோதனையில் தோற்றுப்போகும்.

சிக்கல் வேறு இடத்தில். தமிழில் பகரம் ஒன்றுதான். பன்றிக்கும் 'பிக்', பெரியதற்கும் 'பிக்' என்றே எழுத முடிகிறது. பிள்ளையின் காதும் இரண்டையும் ஒரே எழுத்தாக வாங்கிப் பழகியிருக்கும். உயிரொலியில் இதைவிடத் தொல்லை. வாணலியைக் குறிக்கும் 'பேன்', எழுதும் 'பென்' இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாடு வீட்டுப் பேச்சில் தேவைப்படுவதே இல்லை. எனவே இரண்டாவது சோதனை, இப்படிப்பட்ட இணைகளைக் காதால் கேட்டுப் பிரித்துச் சொல்லும் விளையாட்டு ஆப்பில் இருக்கிறதா என்பது. எழுத்தின் மேல் விரல் ஓட்டி வண்ணம் தீட்டுவது அழகாக இருக்கும், பிள்ளையும் அமைதியாக இருக்கும். ஆனால் வாசிப்புக்கு அதனால் வரும் நன்மை குறைவு.

உச்சரிப்பு அமெரிக்கனா பிரிட்டிஷா என்று சிலர் கவலைப்படுகிறார்கள். பிள்ளை அமெரிக்கன்போலப் பேசிவிடும் என்ற பயம் வீண், அப்படி ஆசைப்படுவதும் வீண். பொருட்படுத்த வேண்டியது வேறு. அமெரிக்கக் குரலில் 'ஹாட்' என்று கேட்கும் சொல்லுக்கு ஓ எழுத்து. நம் டீச்சர் அதையே 'ஹொட்' என்பதற்கு நெருக்கமாகச் சொல்வார். கடைசி எழுத்து ஆப்பில் 'ஸீ', பள்ளியில் 'இசட்'. ஐந்து வயதில் இந்தக் குழப்பம் தேவையில்லை. இரண்டும் சமமாக இருந்தால் பிரிட்டிஷ் குரலை எடுப்பது நம் பள்ளிக்கு ஒத்துவரும்.

இனி ஆப்கள்.

எழுத்துக் கூட்டக் கற்கும் கட்டத்துக்கு நான் முதலில் சொல்வது டீச் யுவர் மான்ஸ்டர் டு ரீட். பிரிட்டனின் அஸ்போர்ன் அறக்கட்டளை, ரோஹாம்ப்டன் பல்கலைக்கழகக் கல்வியாளர்களோடு சேர்ந்து உருவாக்கியது. பிள்ளை தனக்கென ஒரு குட்டிப் பூதத்தை உருவாக்கி ஊர் ஊராக அழைத்துப்போகும். வழியில் ஒலியைக் கேட்டு எழுத்தைப் பிடிக்க வேண்டும், எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்க வேண்டும், பிறகு சிறு வாக்கியங்கள். மூன்று படிகள், வரிசை ஒழுங்கானது, எழுத்தும் ஒலியும் மீண்டும் மீண்டும் திரும்பி வரும். கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாக விளையாட இலவசம். போனுக்கும் டேப்லெட்டுக்கும் உள்ள ஆப் கட்டணத்துக்குரியது, ஆனால் ஒருமுறை வாங்கினால் போதும். வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் இதற்கு எழுப்பலாம். மடியில் வைத்துக்கொண்டு ஓட முடியாத திரை என்பதே பாதி லாபம்.

இதன் குறை, பிள்ளை வாயைத் திறக்காமலே விளையாட்டை முடித்துவிடலாம் என்பது. பூதம் கேட்கும், பிள்ளை அழுத்தும், பூதம் குதிக்கும். எனவே பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து 'நீயும் சொல்லு' என்று கேட்டால்தான் முழுப் பலன். இந்தக் குறை அநேகமாக எல்லா ஃபோனிக்ஸ் விளையாட்டுக்கும் பொதுவானது என்பதால் இதற்காக மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது.

போன் மட்டும்தான் இருக்கிறது, காசும் கொடுக்க வேண்டாம் என்றால் டுவோலிங்கோ ஏபிசி. 2020-ல் வந்தது, இலவசம், விளம்பரம் கிடையாது, நெட் இல்லாமலும் ஓடும். பாடங்கள் குட்டி குட்டியாக வரிசையில் வரும். குரல் அமெரிக்கன். கான் அகாடமி கிட்ஸும் அதேபோல முழு இலவசம், விளம்பரமில்லை. 2018 முதல் இருக்கிறது. இரண்டு முதல் எட்டு வயதுக்கானது. ஆனால் அதில் கணக்கு, கதை, பழக்கவழக்கம், வரைதல் எல்லாம் கலந்திருக்கும். பிள்ளை போக்கில் விட்டால் அரைமணி நேரத்தில் ஃபோனிக்ஸ் எவ்வளவு வந்தது என்று சொல்ல முடியாது. நூலகப் பகுதிக்குள் போய் எழுத்துப் பாடங்களை நீங்களே எடுத்துக் கொடுத்தால் பயன்படும். பொதுவான ஆப் என்ற முறையில் இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை, எழுத்துக் கூட்டக் கற்பிக்கும் ஆப் என்ற முறையில் இரண்டாமிடம்தான்.

ஸ்டார்ஃபால் 2002-ல் தொடங்கிய அமெரிக்கத் தளம். சிறுவயதில் வாசிக்கச் சிரமப்பட்ட ஒருவர் தொடங்கியது. தோற்றம் பழசு, ஆனால் ஒரே உயிரொலியைச் சுற்றி எழுதிய அதன் குட்டிப் புத்தகங்கள் இன்றும் நன்றாக இருக்கின்றன. இலவசப் பகுதி போதும்.

ஆப்புக்கு முன்பே, மூன்றரை நான்கு வயதில், ஆல்ஃபாபிளாக்ஸ் காட்டலாம். பிபிசியின் குழந்தைகள் சேனல் 2010-ல் தொடங்கிய தொடர். எழுத்துகளே பாத்திரங்கள், கைகோத்தால் சொல் பிறக்கும். எழுத்துக் கூட்டுதல் என்றால் என்ன என்று ஐந்து நிமிடத்தில் புரியவைக்கும் வேறொன்று எனக்குத் தெரியாது. பார்ப்பது மட்டுமே என்பதால் அதையே பாடமாக எண்ணிவிடக் கூடாது.

சந்தா ஆப்களில் நம் ஊரில் அதிகம் பேசப்படுவது ஆஸ்திரேலியாவின் ரீடிங் எக்ஸ். 2008-ல் வந்தது, ஒரு தேர்வு வைத்துப் பிள்ளையின் நிலையை அறிந்து அந்தப் பாடத்திலிருந்து தொடங்கும். வரிசை கெட்டியானது, புத்தகங்கள் ஏராளம், பெற்றோருக்கு முன்னேற்ற அறிக்கை உண்டு. பணத்துக்கு இது ஏமாற்றும் பொருளல்ல. ஆனால் இலவச ஆப்களைவிடக் கூடுதலாக இது தருவது பெரும்பாலும் அளவும் அறிக்கையும்தான். பாடம் முடித்துச் சேர்த்த பரிசு முட்டைகளைக் கொண்டு பொம்மை வீட்டுக்குச் சாமான் வாங்கும் இடத்தில் சில பிள்ளைகள் குடியேறிவிடுகின்றன. அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போய், பாட்டியிடம் வளரும் பிள்ளை, பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, எந்தப் பாடம் எப்போது என்று யாரும் தீர்மானிக்க முடியாது என்ற வீட்டில் இந்தத் தானியங்கி வரிசைக்கு மதிப்பு உண்டு. அந்த வீடு பணம் கட்டலாம். கட்டினால் ஆண்டுக்கு வேண்டாம், மாதத்துக்கு.

இலவச முன்னோட்டம் என்று கார்டு எண் கேட்கும் எந்த ஆப்பாக இருந்தாலும் ஒரு எச்சரிக்கை. ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகக் கழியும் தொகை 15,000 ரூபாய்க்குள் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது. 24 மணி நேரத்துக்கு முன் ஒரு தகவல் மட்டும் வரும். அந்த எஸ்எம்எஸ் கடன் விளம்பரங்களுக்கு நடுவே புதைந்துபோகும். முன்னோட்டத்தைத் தொடங்கிய கையோடு ரத்து செய்துவிட்டு, மீதி நாளை நிம்மதியாகப் பயன்படுத்துவது நல்லது. பெரும்பாலான ஆப்களில் அது முடியும்.

எழுத்துக் கூட்ட வந்தபின் எடுக்க வேண்டிய இரண்டாவது ஆப் கூகுளின் ரீட் அலாங். 2019 மார்ச்சில் 'போலோ' என்ற பெயரில் இந்தியாவில்தான் முதலில் வெளியானது; மறு ஆண்டு பெயர் மாறி, தமிழ் உட்படப் பல மொழிகளோடு மற்ற நாடுகளுக்கும் போனது. பிள்ளை கதையைச் சத்தமாகப் படிக்கும். தியா என்ற உதவிப் பெண் கேட்டுக்கொண்டே இருப்பாள். தடுமாறிய சொல்லைத் தொட்டால் படித்துக் காட்டுவாள். கதைகளை இறக்கிக்கொண்டால் நெட் வேண்டாம். இந்தியப் பிள்ளைகளின் குரலை மனதில் வைத்துச் செய்ததால் நம் உச்சரிப்பை வேற்றாளாக நடத்துவதில்லை. டிவியும் மிக்சியும் ஓடும் கூடத்தில் மட்டும் தியாவுக்குக் காது கேட்பது சிரமம்.

இதை ஃபோனிக்ஸ் ஆப் என்று நினைத்து நான்கு வயதில் கொடுப்பதுதான் பலர் செய்வது. அதில் எழுத்தொலி வரிசை கிடையாது. கதையில் எந்தச் சொல் வந்தாலும் பிள்ளை அதைச் சந்தித்தாக வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை படத்தைப் பார்த்து ஊகிக்கவும், தியா சொல்வதைத் திருப்பிச் சொல்லவும் பழகிவிடும். கூட்டத் தெரிந்த பிள்ளைக்கோ, இது மற்ற ஆப்கள் தராததைத் தருகிறது: வாய்விட்டுப் படிப்பதைக் கேட்க ஒரு ஆள். தமிழ்க் கதைகளும் அதே ஆப்பில் இருப்பதை நான் பெரிய லாபமாகக் கருதுகிறேன். தமிழில் சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கு, படிப்பதென்றால் பொருள் கிடைப்பது என்று ஏற்கனவே தெரிந்திருக்கும்.

ஆப்பா வகுப்பா என்ற கேள்விக்கு வருவோம். நல்ல ஃபோனிக்ஸ் டீச்சர் ஒருவர் ஐந்தாறு பிள்ளைகளை உட்காரவைத்து, வாயசைவைக் காட்டி, ஒவ்வொருவரையும் சொல்லவைத்துத் திருத்தினால் எந்த ஆப்பும் அதன் பக்கத்தில் வராது. ஆனால் 'ஃபோனிக்ஸ்' என்ற பலகைக்குப் பின்னால் நடப்பது பெரும்பாலும் ஒர்க்‌ஷீட்டில் வண்ணம் தீட்டுவதும் பாட்டும்தான். சேர்ப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எந்த எழுத்துகளில் தொடங்குகிறீர்கள், எத்தனையாவது நாளில் பிள்ளை ஒரு சொல்லைக் கூட்டிப் படிக்கும்? 44 ஒலியும் முடிந்தபிறகுதான் சொற்கள் என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம். ஆன்லைன் வகுப்பில் இருபது பிள்ளைகளை மியூட்டில் வைத்து நடத்துவதற்கு, இலவச ஆப் எவ்வளவோ மேல். அதில் பிள்ளை தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மென்பொருளால் வாசிப்பு வளர்கிறதா என்று பெரிய அளவில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டு, அந்நாட்டுக் கல்வித் துறை முதல் வகுப்பில் ஐந்து வாசிப்பு மென்பொருள்களைச் சோதித்து 2007-ல் அறிக்கை வெளியிட்டது. பயன்படுத்திய வகுப்புக்கும் பயன்படுத்தாத வகுப்புக்கும் தேர்வு மதிப்பெண்ணில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தில் பிறந்த கிராஃபோகேம் என்ற விளையாட்டின் ஆங்கில வடிவத்தை இங்கிலாந்தில் பின்தங்கிய மாணவர்களிடம் சோதித்தபோதும், 2018-ல் வந்த முடிவு அதேதான். இவற்றை வைத்து ஆப் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வகுப்புகளில் ஆசிரியர் ஏற்கனவே வாசிப்பை முறையாகச் சொல்லித்தந்துகொண்டிருந்தார். மென்பொருள் அதற்கு மேல் கூட்டியது குறைவு. 'சி, ஏ, டி, கேட்' மட்டும் நடக்கும் வகுப்பிலிருந்து வரும் பிள்ளைக்கு ஆப் நிரப்பும் பள்ளம் வேறு. ஆனால் விளம்பரம் சொல்வதுபோல ஆப் தனியாகவே பிள்ளையைப் படிக்கவைக்கும் என்பதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, நம் வீடுகளுக்கு அதுதான் பெரிது. கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் ஒரு எளிய கணக்கு சொன்னார்கள். வாசித்துப் புரிதல் என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும், பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் கிடையாது, பெருக்கல். ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். லண்டன் பிள்ளை 'ஃபாக்' என்று கூட்டிப் படித்த கணமே மூடுபனி நினைவுக்கு வரும், ஏனென்றால் அந்தச் சொல்லை அது ஆயிரம் முறை கேட்டிருக்கும். நம் பிள்ளை சரியாகக் கூட்டிப் படித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். மேலே சொன்ன ஃபோனிக்ஸ் ஆப்கள் பெரும்பாலும், மூன்றெழுத்துச் சொற்களின் பொருள் பிள்ளைக்கு முன்பே தெரியும் என்று எண்ணிச் செய்யப்பட்டவை. படம் காட்டுகின்றன, அதற்குமேல் இல்லை. நம் பிள்ளைக்கு அந்த வேலையை வீடுதான் செய்ய வேண்டும். ஆப்பில் இன்று வந்த நான்கு சொல்லை எடுத்து, 'இது என்ன? நம்ம வீட்ல எங்க இருக்கு?' என்று தமிழிலேயே கேட்டால் போதும். ஆங்கிலம் தெரியாத பாட்டியும் கேட்கலாம். பிள்ளை பாட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும்.

நேரம் என்று பார்த்தால் நாளுக்குப் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எல்லாத் திரையும் சேர்த்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்கின்றன. அதற்குள் இதுவும் அடங்க வேண்டும். அவசரப்படவும் வேண்டாம். ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு 2003-ல் வந்த ஆய்வொன்றில், முதல் வகுப்பு முடிவில் பின்லாந்துப் பிள்ளைகள் பழகிய சொற்களில் 98 சதவீதத்தைப் படித்தார்கள். ஆங்கிலத்தில் படித்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் 34 சதவீதம். ஆங்கில எழுத்துமுறையே அப்படி. தாய்மொழியாகப் பேசுபவர்களே இரண்டு மூன்று ஆண்டு எடுக்கும் வேலையை ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லும் வகுப்பை நம்ப வேண்டியதில்லை.

எந்த ஆப்பை எடுத்தாலும், ஒன்றிரண்டு மாதம் கழித்து அதன் நட்சத்திரக் கணக்கைப் பார்க்காதீர்கள். நட்சத்திரம் சும்மாவும் வரும். இங்கிலாந்தில் 2012 முதல் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வைக்கும் ஃபோனிக்ஸ் சோதனையில் 40 சொற்கள், அதில் 20 அர்த்தமே இல்லாதவை. மனப்பாடத்தால் தப்பிக்க முடியாதபடி செய்த ஏற்பாடு. வீட்டிலும் அதையே செய்யலாம். போனை வைத்துவிட்டு ஒரு தாளில் சின்ன எழுத்தில் அப்படிப்பட்ட சொற்களை எழுதுங்கள்: வி-ஏ-பி, எம்-ஐ-ஜி, எல்-ஓ-எம், என்-யு-எஃப். ஒவ்வொன்றும் ஒரு அரக்கனின் பெயர் என்று சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பத்தில் ஏழெட்டு வந்தால் ஆப் வேலை செய்திருக்கிறது, ரீட் அலாங்குக்குப் போகலாம். முதல் ஒலியை மட்டும் சரியாகச் சொல்லி மீதியை ஊகித்தால் ஒலி தெரிகிறது, கூட்ட வரவில்லை. ஆப்பை மாற்ற வேண்டாம், பக்கத்தில் உட்கார வேண்டும். ஒலியே தடுமாறினால் முதல் ஆறு எழுத்துக்குத் திரும்புங்கள். ஏழு வயது தாண்டியும், ஒழுங்காகப் பழகியும், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து ஒட்டவில்லை என்றால் இன்னொரு ஆப் தேடுவதை நிறுத்திவிட்டு, கண், காது, வாசிப்புக் குறைபாடு மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் போவது நல்லது.

சந்தாவில் மிச்சமான பணத்துக்குப் புத்தகம் வாங்கலாம். அதற்கும் வழியில்லை என்றால் குழந்தைப் புத்தகங்கள் வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இலவசம். கதைகள் படிப்படியாக நிலை பிரித்து, பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. முதல் நிலைக் கதையை இன்று தமிழில் படித்துக் காட்டிவிட்டு, நாளை அதே கதையை ஆங்கிலத்தில் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். கதை தெரிந்திருப்பதால் பொருளுக்குத் தவிக்காது, எழுத்தோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும்.